விளம்பரப் பலகையில் எதை விடலாம்?

மெக்டொனால்ட்ஸ் கனடாவுக்காக கோசெட் என்ற விளம்பர நிறுவனம் செய்து, 2018இல் பரிசு வாங்கிய சாலையோரப் பலகைகளை ஒருமுறை தேடிப் பாருங்கள். சிவப்புப் பின்னணி. அதில் வளைந்து போகும் ஒரு மஞ்சள் பட்டை. 'அடுத்த எக்ஸிட்', 'உங்கள் இடப்பக்கம்' என்று பொருள்படும் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்கள். அவ்வளவுதான். கடைப்பெயர் கிடையாது, பர்கர் படம் கிடையாது. அந்த மஞ்சள் பட்டை அவர்களுடைய 'எம்' லோகோவில் வெட்டி எடுத்த துண்டு. ரோடு வளைவது மாதிரி, கடை இருக்கும் திசையைக் காட்டி நிற்கும். கான் விழாவில் அவுட்டோர் பிரிவின் கிராண்ட் ப்ரீ இதற்குக் கிடைத்தது.

இதை எளிமைக்கு உதாரணமாகக் காட்டாத டிசைன் ஆசாமிகள் குறைவு. எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிடு, மிஞ்சுவதுதான் விளம்பரம் என்பார்கள். கணக்கும் அவர்கள் பக்கம்தான். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். 100 மீட்டர் தூரத்தில் எழுத்து தெரிகிறது என்றால் படிக்கக் கிடைப்பது நாலரை நொடி. அதிலும் கண் பெரும்பாலும் ரோட்டில்தான் இருக்கணும்.

இந்தப் பாடத்தை நம்பி நான் ஒரு தடவை பல்பு வாங்கினேன். கோபி பக்கம் மாமா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஃப்ளெக்ஸ் டிசைனை என்னிடம் கேட்டார். நீல நிறம், நடுவில் ஒரு நீர்த்துளி, கீழே போன் நம்பர். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மாமா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "மாப்ள, தண்ணி கேன் போடுற கடைன்னு நெனச்சுக்குவாங்களே" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. டேட்டாவைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் ஒன்று உண்டு. இரண்டு முனையிலும் ஒரே அகராதி இருந்தால் முழுச் சொல்லையும் அனுப்ப வேண்டாம், அதன் எண்ணை அனுப்பினால் போதும். எதிர்முனையில் அகராதி இல்லை என்றால் அந்த எண் வெறும் குப்பை. மெக்டொனால்ட்ஸ் கனடாவுக்குள் வந்தது 1967இல். அரை நூற்றாண்டாகக் காசு கொட்டி, பார்க்கிறவர் மண்டைக்குள் அந்த மஞ்சள் வளைவை ஏற்றிவிட்டார்கள். பலகையில் இருப்பது அந்த எண் மட்டும். என் நீர்த்துளிக்கு யார் மண்டையிலும் அகராதி இல்லை.

இன்னொன்றையும் கவனிக்கணும். அந்தப் பலகைகளில் ஓட்டுநருக்குத் தெரியாத ஒரே விஷயம், கடை எந்தப் பக்கம் என்பது. அதை அவர்கள் விடவே இல்லை. பலகைக்குப் பலகை மாற்றி எழுதியிருக்கிறார்கள். தெரிந்ததை விட்டார்கள், தெரியாததைச் சொன்னார்கள். நான் தலைகீழாகச் செய்தேன். (அந்த வரிசையில் 'இப்போதான் தாண்டிப் போனீங்க' என்ற பொருளில், யூ டர்ன் வடிவ வளைவோடு ஒன்று இருக்கிறது. அது ஓட்டுநரை விட பரிசுக் கமிட்டிக்குத்தான் அதிகம் பிடித்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.)

1966இல் தொடங்கிய அமுல் வெண்ணெய்ப் பலகைகள் வேறு ரகம். ஒரு கார்ட்டூன், ஒரு சிலேடை, அந்தப் புள்ளிச்சட்டைப் பாப்பா. கோசெட் பலகையை விட அதில் சரக்கு ஜாஸ்தி, இருந்தும் பார்த்ததும் புரிகிறது. ஏனென்றால் அதன் அகராதி அந்த வாரத்து செய்தித்தாள். பழைய பலகைகளை இன்று எடுத்துப் பார்த்தால் பாதிக்குச் சிரிப்பு வருவதில்லை. படம் அதேதான், செய்திதான் நமக்கு மறந்துவிட்டது.

மாமா கடைசியில் தானே ஒரு பலகை அடித்தார். மேலே சாமி படம், நடுவில் 'போர் மோட்டார் காயில் கட்டித் தரப்படும்' என்று கொட்டை எழுத்து, சுற்றிலும் நாலு மோட்டார் படம், அதற்குக் கீழே போன் நம்பர். என்னைக் கேட்டால் மோட்டாரில் மூன்றைத் தூக்கிவிட்டு நம்பரைப் பெரிசாக்கச் சொல்வேன். சாமி படத்தைப் பற்றி வாய் திறக்க எனக்கு தைரியம் இல்லை.