மிளகா, உளுந்தா?

உளுந்தூர்பேட்டையை அடுத்த உளுந்தாண்டார்கோயிலில் ஓர் ஐதீகம் வழங்கி வருகிறது. மிளகு மூட்டைகளோடு சென்ற வணிகர்களிடம் முதியவர் ஒருவர் வந்து சிறிது மிளகு கேட்டாராம். கொடுக்க மனமின்றி, மூட்டையில் இருப்பது உளுந்து என்றார்களாம். சந்தையில் அவிழ்த்துப் பார்த்தபோது அத்தனையும் உளுந்தாகவே இருந்ததாம். ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இக்கதை, நூல்களைப் பற்றி நாம் கூறும் அபிப்பிராயங்களுக்கும் பொருந்தும் என்பது நமது எண்ணம். மூட்டையை அவிழ்க்காமலே மிளகு என்றும் உளுந்து என்றும் சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே மிகுந்துவிட்டது.

2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது இவ்வூர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியுமிடம். இத்தகைய ஊர்களில் ஒரு நூல் வாசகனை வந்தடைவதற்கு வழிகள் இரண்டே. ஒன்று, 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் பயனாய் எழுந்த நூலகம். மற்றொன்று, படித்தவர் ஒருவரின் வாய்ச்சொல். எனவே, இங்கு ஒரு வாசகரின் கருத்து வெறும் பேச்சன்று. ஒரு நூலை இன்னொருவர் கையில் சேர்ப்பதும் சேராமல் தடுப்பதும் அதுவே. இதனை மனத்திற்கொண்டு, உளுந்தூர்பேட்டை நண்பர்கள் நால்வரிடம் நான்கு நூல்களைப் பற்றி நாம் கேட்டறிந்தவற்றை வாசக நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வெளிவந்து, 1988இல் நூலுருப் பெற்ற நாவல். பெரியவர் ஒருவர், வீட்டு அழுக்கை வீதியில் கொட்டிய நூல் அது என்று கடிந்தார். எந்தப் பகுதி அவ்வாறு தோன்றியது என்று வினவினோம். தாம் படிக்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டதே என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நூலைக் கொடுத்தோம். ஒரு திங்கள் கழித்து அவர் கூறியது வேறு. ஊருக்கு வரும் ஆங்கிலப் பள்ளியை எதிர்க்கும் அஹமதுக்கண்ணு முதலாளியைப் போன்ற ஒருவரைத் தம் இளமையில் கண்டதுண்டு என்றார். ஆயினும், மார்க்கத்தின் பெயரால் பிழைப்பவரைக் காட்டிய ஆசிரியர், நேர்மையான ஆலிம் ஒருவரையும் அதே அளவு வலுவுடன் காட்டியிருக்கலாகாதா என்று கேட்டார். அவரது மறுப்பு நீங்கவில்லை. ஆனால் அது இப்போது விடையளிக்கத் தக்க மறுப்பாகிவிட்டது. முன்னது வசை, பின்னது விமரிசனம்.

இரண்டாவது, ம. முகம்மது உவைஸ், பீ. மு. அஜ்மல்கான் ஆகியோர் எழுத, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் பல தொகுதிகளாக வெளியிட்ட ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’. ஒவ்வொரு முஸ்லிம் இல்லத்திலும் இருக்க வேண்டிய நூல் என்று ஓர் ஆசிரிய நண்பர் உளமாரப் போற்றினார். எப்பகுதி தங்களுக்குப் பயன்பட்டது என்றோம். முன்னுரையைத் தாண்டவில்லை என்று நகைத்தார். படிக்காமல் ஏசுவதை நாம் குற்றம் என்கிறோம். படிக்காமல் போற்றுவதை மட்டும் பண்பாடு என்று கொள்வது எங்ஙனம்? வரலாற்று நூலுக்குச் செய்யும் உண்மையான மரியாதை அதனைச் சோதிப்பதே. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர் வரிசையையும் ஆராய்ந்தார்கள். அறிவிக்கப்பட்ட செய்தியையும் ஆராய்ந்தார்கள். அத்தகைய மரபின் வாரிசுகளாகிய நாம், வரலாற்றை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம்.

மூன்றாவது, அண்டை ஊராகிய விருத்தாசலத்தில் வாழும் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994). ஒடுக்கப்பட்டோருக்குத் துணி வெளுக்கும் வண்ணார் குலப் பெண் ஆரோக்கியத்தின் வாழ்வைச் சொல்வது. ஒடுக்கப்பட்டவருக்குள்ளும் ஒடுக்குமுறை உண்டு என்று காட்டியதற்காக அக்காலத்தில் கடும் விவாதத்துக்கு உள்ளான நாவல். கல்லூரி மாணவி ஒருவர், படித்து அழுததாகவும், ஆசிரியர் தீர்வு எதுவும் சொல்லாதது குறை என்றும் கூறினார். கண்ணீர் உண்மையானதுதான். எனினும் அது வாசகரைப் பற்றிச் சொல்கிறதேயன்றி நூலைப் பற்றிச் சொல்லவில்லை. மேலும் உரையாடியபோது, களத்துமேட்டில் தானியத்திற்காக ஆரோக்கியம் கையேந்தி நிற்கும் பகுதியைச் சுட்டி, உழைத்தவள் கூலியைப் பிச்சைபோலக் கேட்க நேர்வதை எடுத்துரைத்தார். நாம் தேடிய கருத்து அதுவே. நாவலிடம் தீர்வு கேட்பது, கண்ணாடியிடம் மருந்து கேட்பது போன்றது.

நான்காவது, விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் தொகுத்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’. மளிகைக் கடை நடத்தும் நண்பர் முதலில், நாம் பேசுவதைத்தானே எழுதியிருக்கிறார், இதில் என்ன விந்தை என்றார். பிறகு இரவு தோறும் தம் தாயாரிடம் சொற்களைப் படித்துக் காட்டியிருக்கிறார். தாயார் வேறு பொருளில் வழங்குபவை சில, நூலில் காணாதவை சில என ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். நால்வருள் புகழ்ந்தும் பேசாமல், பழித்தும் பேசாமல் நூலுக்குத் தகுந்த பதில் தந்தவர் இவர் ஒருவரே. பட்டம் பெற்ற திறனாய்வாளர் எவரும் அந்தத் தாளை எழுதியிருக்க இயலாது.

இந்நால்வரின் சொற்களிலிருந்து நாம் உணர்வது ஒன்றுண்டு. கதை நூலிடம் நாம் நற்சான்றிதழ் கேட்கிறோம். வரலாற்று நூலிடம் பெருமை கேட்கிறோம். கேட்க வேண்டியது தலைகீழானது. நாவலிடம், இம்மனிதர் உயிரோடு நடமாடுகிறாரா என்று கேட்க வேண்டும். வரலாற்றிடமும் அகராதியிடமும், இது மெய்தானா, ஆதாரம் யாது என்று கேட்க வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்ததன் விளைவைத் தமிழகம் கண்டிருக்கிறது. 2010இல் வெளிவந்த பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை, ஓர் ஊரைப் பற்றிய குற்றச்சாட்டாகக் கொண்டு 2014 இறுதியில் கிளர்ச்சி எழுந்தது. ஆசிரியர் எழுத்தையே துறப்பதாக அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத நூலை மூடி வைக்க வாசகனுக்கு உரிமை உண்டு, ஆசிரியனை மௌனமாக்க உரிமையில்லை என்ற கருத்துப்படத் தீர்ப்பளித்தது. மூடி வைப்பதற்கும் முதலில் திறந்திருக்க வேண்டும் என்பதை நாம் சேர்த்துக்கொள்வோம்.

நம் ஏடுகளுக்கு வரும் மடல்களில் ‘அருமை’, ‘அபாரம்’, ‘கண்டிக்கிறோம்’ என்னும் மூன்று சொற்களே மாறி மாறி வருகின்றன. அவற்றால் அடுத்த வாசகனுக்கு யாதொரு பயனும் இல்லை. இனி எழுதுவோர், எந்தப் பக்கம் தம்மை நிறுத்தியது, ஏன் நிறுத்தியது என்று இரண்டு வரி சேர்த்து எழுதட்டும். மளிகைக் கடைக்காரரின் தாளுக்கு ஈடான ஒரு தாள் ஊருக்கு ஒன்று கிடைத்தாலும் போதும். நம் இலக்கியம் வளரும். மூட்டையை அவிழ்த்துப் பார்த்த பின்னர், மிளகை மிளகென்றும் உளுந்தை உளுந்தென்றும் சொல்வோமாக.