பக்கத்தில் உட்கார்ந்தவர்

பாகூரில் என் அக்கா மகள் வயலின் கற்கிறாள். திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவில் சினிமாப் பாட்டு வாசிக்க அவளுக்கு ஆசை. "சங்கீதம் கத்துக்க, மேடைக் கூத்தெல்லாம் வேணாம்" என்கிறாள் அக்கா. கீர்த்தனை வாசித்தால் மரியாதை, வேறு எது வாசித்தாலும் ஊர்ப்பேச்சு. இந்தச் சண்டைக்கு நடுவில்தான் ஏ. கன்யாகுமரியின் இசை வாழ்வை மறுபடி யோசித்தேன்.

ஆந்திரத்து விஜயநகரத்திலிருந்து சென்னைக்கு வந்தவர். எம்.எல். வசந்தகுமாரிக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் பக்கவாத்தியம் வாசித்தார். பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைக்க ஆண் பாடகர்கள் பலர் தயங்கிய காலம் அது. இன்னொரு பெண்ணின் மேடைதான் அவருக்கு இடம் கொடுத்தது. அதே 1970களில் எல். சங்கர் ஜான் மெக்லாஃப்லினோடு 'சக்தி' குழுவில் வாசித்தார். ஆண் மரபைத் தாண்டினால் துணிச்சல் என்கிறோம். பெண்ணோ முதலில் மரபுக்குள் தன்னை நிரூபித்தாக வேண்டும்.

பக்கவாத்தியம் தாழ்ந்த வேலை என்று நான் சொல்லவில்லை. பாடகர் எங்கே போகப்போகிறார் என்று முன்கூட்டியே உணர்ந்து, கிடைக்கும் சில நிமிடங்களில் தன் ராகத்தைச் சொல்லிவிட வேண்டும். அது பெரிய அறிவு. ஆனால் கச்சேரியின் திட்டம் அவர் கையில் இருக்காது.

அந்தத் திட்டத்தைக் கன்யாகுமரி பிறகு தன் கையில் எடுத்தார். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனோடு இணைந்து வாசித்தார். 'வாத்ய லஹரி'யில் வயலின், வீணை, நாகஸ்வரம் மூன்றையும் ஒன்றாக உட்காரவைத்தார். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரோட்டத்தில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவள் நான். அது தெருவை நிறைக்கும் ஒலி. சபாக்களில் அதற்குப் பெரும்பாலும் தொடக்க மங்கல இசை என்ற இடம்தான். பக்கவாத்தியமாக இருந்த ஒரு பெண், ஓரத்தில் வைக்கப்பட்ட வாத்தியத்தை நடுவுக்குக் கொண்டுவந்ததை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு குறையும் உண்டு. வாத்தியங்கள் மாறினாலும் ராகமும் கீர்த்தனையும் போட்ட வேலிக்குள்தான் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் நடந்தன. மரியாதையின் எல்லை அவருக்கும் இருந்தது.

மியூசிக் அகாடமி 2016இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. அதைப் பெற்ற முதல் பெண் வயலின் கலைஞர் அவர். வயலின் மேதை துவாரம் வெங்கடசாமி நாயுடு அதே விருதைப் பெற்றது 1941இல். இடையில் 75 ஆண்டுகள். 'முதல் பெண்' என்று எழுதும் விமர்சகர்கள் அதை அவருடைய சாதனைக் கணக்கில் சேர்க்கிறார்கள். அந்த 75 ஆண்டுகளை அகாடமியின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "அவங்க பெரியவங்க" என்றாள். பெரியவராவதற்கு முன்னால் அவரும் நம் பெண்ணின் வயதில் இருந்தவர்தானே என்றேன். பதில் இல்லை. உள்ளறையில் பெண் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து அவள் வாசித்தது கீர்த்தனை இல்லை. அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்தவும் இல்லை.