மணிமேகலையில் ஐயமும் அளவையும்

மணிமேகலையின் அளவையியற் பகுதிகள் பெரும்பாலும் காலக்கணிப்பிற்குரிய சான்றாகவே ஆராயப்பட்டுள்ளன. அவை திக்நாகருக்கு முற்பட்டவை என எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் வாதிட்டார். நியாயப்பிரவேசத்தோடு அவற்றிற்குள்ள நெருக்கத்தைச் சுட்டி மறுத்தோரும் உளர். இவ்விவாதத்தினிடையே, அறிவு பற்றிக் காப்பியம் எழுப்பும் வினா பின்தள்ளப்பட்டது. தருக்கப்பகுதி கதையோடு ஒட்டவில்லை என்னும் குறையும் நிலைபெற்றது. தாய் தந்தையர் பற்றிய ஓர் எடுத்துக்காட்டு, அக்குறையை மீளாய்வு செய்ய இடந்தருகிறது.

அவ்வெடுத்துக்காட்டு 27ஆம் காதையில் இருமுறை வருகிறது. வஞ்சியில் மணிமேகலை முதலில் வினவும் வைதிக அளவைவாதி, பத்து அளவைகளைக் கூறியபின் பிரமாண ஆபாசங்கள் எட்டினை விளக்குகிறான். அவற்றுள் இறுதியானது நினைப்பு. காரணம் ஏதுமின்றி, பிறர் கூறியதைக் கொண்டே இன்னார் தன் பெற்றோர் எனக் கருதுதல் அது. காதையின் முடிவில் வரும் பூதவாதி, காட்சியை ஏற்றுக் கருதலளவையை மறுக்கிறான். முற்பிறப்புணர்வு தெய்வ மயக்காலும் கனவாலும் மனமயக்காலும் தோன்றுவது, ஆதலின் ஐயத்திற்குரியது என்பது அவன் கூற்று. தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிவாய் என மணிமேகலை அவனை மடக்குகிறாள்.

ஓரிடத்தில் ஆபாசமாகிய அறிவு மற்றோரிடத்தில் அனுமானமாவது முரணன்று. இரண்டையும் பிரிப்பது காரணம் என்னும் ஒன்றே. ஏதுவோடு கூடிய நம்பிக்கை அறிவாகிறது. ஏதுவற்றது வெறும் நினைப்பாக எஞ்சுகிறது. 29ஆம் காதையில் அறவண அடிகள், காட்சியும் கருத்துமே அளவைகள், ஏனையவை கருத்தளவையுள் அடங்கும் என்கிறார். அவ்வாறாயின் பிறர் சொல்லால் பெறும் அறிவும் ஏதுவின் சோதனைக்கு உட்பட்டே தீரவேண்டும். அக்காதை ஏதுப்போலிகளை அத்துணை விரிவாக வகுப்பதன் தேவை இங்குத் தெளிவாகிறது.

எனினும் மணிமேகலையின் மறுமொழி முழு வெற்றியன்று. கருதலின்றி உலகியல் நடவாது என்பதை அது நிறுவுகிறது. முற்பிறப்பறிவு மெய் என்பதை நிறுவவில்லை. பெற்றோரை அறிதற்குரிய ஏது யாது என்பதையும் அவள் எடுத்துரைக்கவில்லை. மணிபல்லவத்துப் பீடிகைக் காட்சியால் அவள் எய்திய பழம்பிறப்புணர்வு அவளுக்கு நேரனுபவம். பூதவாதிக்கோ பிறர் சொல் மட்டுமே. நகைப்பால் கடந்த அவ்வையத்திற்கு விடைகூறும் கருவி அப்போது அவளிடம் இல்லை. அவள் அறவண அடிகளிடம் அளவையியல் கேட்க வேண்டியிருந்தது அதனாலேயே எனக் கொண்டால், 29ஆம் காதை இடைச்செருகிய தருக்க நூலாக அன்றி, கதைத்தலைவியின் அறிவு வளர்ச்சியில் இன்றியமையாப் படியாக அமையும்.