பெயர் வெட்டிய பாத்திரங்கள்

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கும் போகாமல் திரும்புவதில்லை. பர்மா தேக்குத் தூண், ரவி வர்மா அச்சுப்படம், ஸ்வீடன் எனாமல் பாத்திரம், பித்தளை அண்டா, பல்லாங்குழி எல்லாம் அங்கே அடுக்கிக் கிடக்கின்றன. அந்தக் கடைகளையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம்.

கடை சொல்லும் கதையின் நாயகர்கள் ஆண்கள். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வட்டித்தொழில் செய்யப் போனவர்கள் ஈட்டிய பொருளின் மிச்சம் இது என்கிறது அந்தக் கதை. தூணுக்கும் கதவுக்கும் அது பொருந்தும். கடையை நிறைத்திருக்கும் பாத்திரங்களில் பெரும்பங்கு வந்த வழி வேறு. நகரத்தார் வீடுகளில் மணமான மகன்களை ஒரே கூரையின் கீழ் 'வேறு வைப்பது' வழக்கம். ஒவ்வொரு இணைக்கும் தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஆகவே மணப்பெண் ஒரு முழுச் சமையலறையையே சீராகக் கொண்டுவர வேண்டியிருந்தது. மகள் பிறந்ததிலிருந்தே தாய் பாத்திரம் சேர்ப்பாள். பலவற்றில் பெயர் வெட்டப்பட்டது. இந்தச் சமூகத்துப் பெண்களின் சொத்துரிமை பற்றி யூகோ நிஷிமுரா 1998இல் ஒரு நூலே எழுதினார். கடையிலோ அந்த எழுத்துகள் பழமைக்குச் சான்றாக மட்டும் காட்டப்படுகின்றன. யாருடைய பெயர் என்று யாரும் கேட்பதில்லை.

“அருமை தெரியாமல் விற்றுவிட்டார்கள்” என்பது வருகையாளர்கள் வழக்கமாகச் சொல்வது. பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டு நாள்தோறும் தேய்த்த கைகளுக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும். ஈயம் தேய்ந்தால் புளிக்குழம்பு களிம்பேறிக் கெடும். ஈயம் பூசுபவர் தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். எவர்சில்வர் வந்தபோது பித்தளையை எடைக்குப் போட்டு மாற்றிக்கொண்ட பெண்கள் தம் உழைப்பைக் குறைத்துக்கொண்டார்கள். அதை அறியாமை என்று சொல்ல, துலக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களால்தான் முடியும்.

எல்லா விற்பனையும் அவள் முடிவல்ல என்பதும் உண்மை. பங்காளிகளுக்குள் வீடு பிரியும்போது பாத்திரங்களும் வீட்டோடு சேர்ந்து பொதுச்சொத்தாகப் பேசப்படுகின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. திருமணத்தின்போது ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது அவளுக்கே முழு உரிமை என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. சீதனத்தைக் கணவனோ அவன் வீட்டாரோ கையாடல் செய்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றவர் யார், பணம் யார் கைக்குப் போனது என்ற கேள்விகள் இங்கிருந்தே எழுகின்றன. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 ஆண்டு கடந்தவற்றையே தொல்பொருள் என்கிறது. ஒரு பாட்டியின் கல்யாண அண்டா அந்தக் கணக்கில் வராமலே போகலாம்.

பெயர் வெட்டிய பாத்திரத்தோடு நம் வாசிப்பு நின்றுவிடவும் கூடாது. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் பாருங்கள். பெரிய வீடுகளில் அவற்றில் அரைத்தவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த பெண்கள். பின்கட்டு வழியாக வந்து பின்கட்டு வழியாகவே போனவர்கள். அவர்கள் பெயர் எதிலும் வெட்டப்படவில்லை. தேய்ந்த குழி ஒன்றே அவர்கள் விட்டுச்சென்ற தடம். இன்று தோட்டத்தில் பூச்செடி வைக்க அந்தக் குழி அழகாக இருக்கிறது என்று அதற்கு விலை பேசுகிறோம். சீர் கொண்டுவந்தவளை மட்டும் மீட்டெடுக்கும் பெண்ணியம் பாதிக் கடையைத்தான் வாசித்திருக்கும்.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நொடித்த குடும்பங்கள் விற்கும் செய்தி வெளியே தெரியக் கூடாது என்று விரும்பும். பெயரை மறைப்பது சிலவேளை விற்கும் பெண்ணின் மானத்தையும் காக்கிறது. ஆனால் பெயரைச் சொல்லாமலே சொல்லக்கூடியவை நிறைய: எந்தப் பக்கத்து ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டுச் சீர், எதற்குப் புழங்கியது, யார் துலக்கியது. பொருளை வாங்கும்போதே கடைக்காரர் இதைக் கேட்டுக் குறித்து வைக்கலாம். வாங்க வருகிறவர்களும் விலைக்கு முன்னால் இதைக் கேட்கப் பழகலாம்.

மாணவிகள் அதற்கும் முந்தி, பரணில் பாத்திரம் இருக்கும்போதே தொடங்கலாம். அம்மாவையும் ஆச்சியையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றும் யார் கொடுத்தது, யார் தேய்த்தது, எது எப்போது அடகுக்குப் போனது என்று எழுதி வையுங்கள். அந்த வீட்டில் வேலை செய்த பெண்ணிடமும் கேளுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. இரண்டையும் எழுதுங்கள்.