குப்பைக் கடிதமும் ஸ்பாம்அஸாசினும்

திருச்சிராப்பள்ளி ஆர்.எம்.எஸ். ஆபீஸில் தபால் பிரிப்பவர் உறைமீதுள்ள விலாசத்தை மாத்திரம் நோக்குவார். ஸ்ரீரங்கத்து வீடொன்றில் சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர் அதில் நிறுவும் ஸ்பாம்அஸாசின் என்னும் குப்பை வடிகட்டி மென்பொருளோ, கடிதத்தின் உள்ளேயும் பரிசீலித்து, ஒவ்வொரு சந்தேகத்துக்கும் மதிப்பெண் இட்டு, சாதாரணமாகக் கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால்தான் குப்பை என்று முத்திரையிடுகிறது. தானாக எதையும் அழிப்பதில்லை. இந்த நிதானமே எனக்குப் பிரியமானது. தாமஸ் பேயஸ் காலமானபின் 1763-ல் பிரசுரமான நிகழ்தகவுச் சித்தாந்தத்தை ஆதாரமாகக் கொண்டு சொற்களைக் கற்கும் அதன் பகுதி, நல்ல கடிதம் 200, குப்பை 200 பயிலும்வரை அபிப்பிராயமே சொல்லாது. (பண்டிதர்களிடமும் அபூர்வமான அடக்கம்!) ஆகையால், நிறுவுகிற அன்பர்கள் வைகுண்ட ஏகாதசி அழைப்புகளையும் பேரனின் தமிழ்க் கடிதங்களையும் நல்லவற்றோடு சேர்த்தே பயிற்றுவிக்க வேண்டுகிறேன்.