நரியை விரட்டிய எலி

பெயரைக் குறிப்பது பெயர்ச்சொல், செயலைக் குறிப்பது வினைச்சொல். தொடக்கப் பள்ளிப் பக்கம் போனால் ஒரே ராகத்தில் காதில் விழும் பாடம் இது. பிழை ஒன்றும் இல்லை, சுவைதான் இல்லை. சொல்வகை சொல்லிக்கொடுப்பதும் ஒரு கலை என்று தெரிய வேண்டுமானால், இந்த வரையறையைக் கடைசிவரை கையில் மறைத்து வைத்திருக்கும் ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார வேண்டும்.

அப்படிப்பட்ட வகுப்பு கட்டளையில் தொடங்கும். "பென்சிலைக் கொண்டு வா." வரும். "டப்பாவைக் கொண்டு வா." அதுவும் வரும். அடுத்து, குரலை மாற்றாமல், "குதி." குழந்தை குதிக்கும். "இப்போது குதித்தாயே, அதை எடுத்து மேசைமேல் வை பார்ப்போம்." குழந்தை விழிக்கும், பிறகு சிரிக்கும். பென்சில் மேசையில் கிடக்கிறது. குதித்ததோ அந்த நொடியோடு போயிற்று. பெயருக்கும் வினைக்கும் உள்ள வேறுபாடு காலிலேயே பதிந்துவிட்டது. வரையறை இனி எப்போது வந்தாலும் சரி.

இந்த வழியை வகுத்தவர் மரியா மாண்டிசோரி. மருத்துவம் படித்த இத்தாலியர். இலக்கணத்தையும் கையால் எடுத்து அடுக்கிக் கற்கலாம் என்று 1916இல் வெளிவந்த நூலிலேயே விரிவாக எழுதினார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்தவர், உலகப் போர் மூண்டிருந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அடையாற்றிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

மாண்டிசோரி வகுப்பில் பெயருக்குக் கறுப்பு முக்கோணம், வினைக்குச் சிவப்பு வட்டம். ஒன்று வைத்த இடத்தில் நிற்கும், மற்றது உருளும். பெயரைச் சார்ந்த பெயரடைக்கும் முக்கோணம்தான், அளவில் சிறியது. வினையைச் சார்ந்த வினையடைக்குச் சிறிய வட்டம். எது எதற்கு உறவு என்பதை வடிவமே சொல்லிவிடுகிறது. பெயரடைக்கென்று ஒரு துப்பறியும் விளையாட்டும் உண்டு. ஏழு வகை, மூன்று நிறம், மூன்று அளவு என்று 63 முக்கோணங்கள். ஆசிரியர் மனத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. "முக்கோணம் வேண்டும்" என்றால் எதை எடுப்பது? "சிவப்பு முக்கோணம்" என்றதும் 21 மிஞ்சும். "பெரிய சிவப்பு" என்றால் ஏழு. அடைமொழி ஒன்று கூடக் கூட, குவியல் கண்ணெதிரே கரைகிறது.

இதையெல்லாம் தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் ஆசிரியரின் கைத்திறன் தெரியும். கட்டளை விளையாட்டுக்கு நம் மொழி வாகானது. நட, குதி, சிரி: வினையின் வேர் எதுவோ, ஒருமை ஏவலும் அதுவே. ஆனால் ஆங்கில வகுப்பில் தனிச்சொல்லாக நின்று தனி வடிவ அட்டை வாங்கிக்கொள்ளும் in, to போன்ற உறவுச்சொல், தமிழில் பெரும்பாலும் வேற்றுமை உருபாகிப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு அட்டையை எங்கே வைப்பது?

நான் பார்த்த ஒரு வகுப்பில் ஆசிரியை கத்தரிக்கோலை எடுத்தார். "நரி எலியை விரட்டியது" என்று காகிதப் பட்டையில் எழுதி, சொல் சொல்லாக வெட்டினார். "எலியை நரி விரட்டியது" என்று மாற்றி அடுக்கினார். "இப்போ யார் ஓடுறது?" "எலிதான் மிஸ்!" இடம் மாறியும் கதை மாறவில்லை. அடுத்த வெட்டு, 'எலி'க்கும் 'யை'க்கும் நடுவில். அந்தத் துணுக்கை எடுத்து நரியின் வாலில் ஒட்டினார். எலி நரியை விரட்டியது! வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஆங்கிலத்தில் சொல்லின் இடம் செய்யும் வேலையைத் தமிழில் ஒரு துணுக்கு செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

சொல் தேர்விலும் ஒரு நுட்பம் இருந்தது. நரிக்குப் பதில் பூனை என்று எழுதியிருந்தால், இடம் மாற்றும்போது "எலியைப் பூனை" என்று நடுவில் ஒற்று முளைத்துக் குழந்தையைக் குழப்பியிருக்கும். நரி, எலி, விரட்டியது: வல்லெழுத்தில் தொடங்கும் சொல் ஒன்றுகூட இல்லை. இரண்டு விலங்குக்கும் அதே 'யை' பொருந்துகிறது. பாடம் நடந்தது சில நிமிடம். அதற்குப் பின்னால் இருந்த யோசனை சிறியதல்ல.

சொல் என்றால் பெயரும் வினையும்தான், இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றை ஒட்டித் தோன்றுபவை என்பது தொல்காப்பியர் கொள்கை. அதற்குப் பிள்ளைகள் மொழியில் எழுதிய உரை என்றே அந்தக் கத்தரிக்கோலைச் சொல்லலாம். வேற்றுமை உருபும் இடைச்சொல்தான். மற்ற இடைச்சொற்களுக்குக் கத்தரிக்கோலும் வேண்டாம், ஒரு லட்டு போதும். "லட்டு எனக்கு" என்பதை "எனக்கும்", "எனக்கே", "எனக்கா?" என்று சொல்லச் சொன்னால், பங்கு கேட்பதும் பிடிவாதமும் நம்ப முடியாத மகிழ்ச்சியும் முகத்திலேயே வந்துவிடும்.

எதை விடுவது என்பதும் திறமைதான். சால, உறு, தவ, நனி என்ற உரிச்சொல் பட்டியலை எட்டு வயதில் திணிப்பதில் பயனில்லை. அந்தச் சொற்களை அந்த வயதுக் குழந்தை எங்கும் கேட்டதில்லை. பெரிய வகுப்பில் செய்யுளோடு சேர்ந்து வரட்டும்.

இந்தக் கலையின் உச்சம் "ஆடு", "படி" போன்ற சொற்களில் இருக்கிறது. மேயும்போது ஆடு பெயர், "மேடையேறி ஆடு" என்றால் வினை. வீட்டு வாசலில் படி பெயர், அம்மா வாயில் வினை. தனியே நிற்கும் சொல்லுக்கு முத்திரை குத்த முடியாது. வாக்கியத்தில் அது பார்க்கும் வேலைதான் அதன் வகை. "படி என்பது என்ன சொல்?" என்ற தேர்வுக் கேள்விக்கு ஒற்றை விடை எழுதும் குழந்தை மதிப்பெண் வாங்கும். "எந்த வாக்கியத்தில், மிஸ்?" என்று திருப்பிக் கேட்கும் குழந்தைக்கு இலக்கணமே கைவந்துவிட்டது. அப்படி ஒரு கேள்வியை வரவழைப்பவரே இந்தக் கலையில் தேர்ந்த ஆசிரியர்.