நம்பிக்கையும் நாகமணியும்

2021ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘ராயா அண்ட் த லாஸ்ட் டிராகன்’ என்னும் அசைவூட்டப் படத்தைச் சிறுவர் வேடிக்கையெனத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. ஒரு மணிக்காக ஐந்து நாட்டவர் அடித்துக்கொள்ள, மணி உடைகிறது. மனிதர் பகைமையிற் பிறந்த ‘துருன்’ என்னும் கொடுஞ்சக்தி மக்களைக் கல்லாக்குகிறது. தோழியென நம்பிய நமாரியால் வஞ்சிக்கப்பட்ட ராயா, இறுதியில் அவள் கையிலேயே தன் மணித்துண்டை ஒப்படைத்துக் கல்லாகிறாள். அந்நம்பிக்கையே உலகை மீட்கிறது.

ஐந்து நாட்டுப் பண்டங்களையும் ஒரே கலத்திலிட்டு ராயாவின் தந்தை சூப் காய்ச்சும் காட்சி அழகியது. ஆனால் வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய நாடுகளின் உடையையும் உணவையும் நாகர் கதையையும் படக்குழுவினர் அவ்வாறே ஒரு கலத்திலிட்டனர். எது எம்மக்களுடையது என்பது அதிற் கரைந்துபோயிற்று என்று தென்கிழக்காசிய விமர்சகர் சிலர் குறைகூறியது நியாயமே.

நாகரும் மணியும் நமக்கும் அந்நியமல்ல. மணியாசனம் ஒன்றுக்காக நாக அரசர் இருவர் போரிட்டதையும், புத்தர் அப்போரைத் தணித்ததையும் மகாவம்சமும் கூறுகிறது, மணிமேகலையும் கூறுகிறது. சிங்களவரும் தமிழரும் ஒரே கதையைப் பேணிவந்த தீவு இது. எனினும் கதை ஒன்றாயிருந்தது நம்மைக் காக்கவில்லை.

1983 யூலையில் வாக்காளர் இடாப்புகளைக் கையிலேந்திய கும்பல்கள் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தன. வெள்ளவத்தை தீக்கிரையாயிற்று. அந்நாட்களிலேயே அயல்வீட்டுச் சிங்களவர் பலர் தமிழரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்தனர். 2019 ஏப்ரல் 21இல், எம்மதத்தவரும் சென்று வணங்கும் கொட்டாஞ்சேனைப் பகுதியின் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. மறுமாதமே, குற்றமற்ற முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் வேறு ஊர்களில் தாக்கப்பட்டன.

அயலவர்மீது வைத்த நம்பிக்கை உயிர்காத்தது என்பதற்கு நம் நகரமே சாட்சி. இவ்வளவில் படம் சொல்வது உண்மை. ஆனால் வாக்காளர் இடாப்பு அயலவருடையதன்று; அரசினுடையது. அது எவ்வாறு கும்பலின் கைக்கு வந்தது? நெஞ்சங்கள் திருந்தினாற் போதும் என்னும் கலை இக்கேள்வியைக் கேட்பதில்லை. படத்திலும் மகளை ஏவிய தலைவி விரானா எவர்க்கும் பதில் கூறுவதில்லை. முதலடி வைக்கும் கடமை வஞ்சிக்கப்பட்டவள் மீதே சுமத்தப்படுகிறது.

நம் சிறுவர் இப்படத்தைக் காணட்டும்; அயலவரை நம்பவும் கற்கட்டும். அத்துடன், நம்பியவரை வஞ்சித்த அதிகாரத்திடம் கணக்குக் கேட்கவும் அவர்களுக்கு நாம் கற்பித்தல் வேண்டும். நீதி கிடையாதவரிடம் நம்பிக்கையை மட்டும் கேட்பது எவ்வகையில் நியாயம்?